ரெட்டைக்குழலுக்கு ஒடுக்கு எடுத்த விவரம்

முத்தையாபுரம்,
ஆடி 3, ஞாயிறு காலை.

அன்பு அண்ணன் மகள் சௌபாக்கியவதி சண்முகப்ரியாவுக்கு, உன் சித்தப்பா லிங்கராஜ் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் சித்தி வடிவம்மாளும், என் முழங்கால் இரண்டும் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்படச் சுகமாக இருக்க நம் சுடலைமாடசுவாமியை வேண்டிக்கொள்கிறேன். நிற்க. நிற்க என்று எழுதினேனே தவிர நீ உட்கார்ந்தே படி. விஷயம் நீளம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே கேள்வி கேட்பாய். நீ பார்க்கிற வேலை அப்படி. கம்பெனியில் வரிசையாக வருகிற தகட்டில் தலைமுடி அகலத்துக்குக் கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளுகிறவள் நீ. உன் கல்யாணத்தன்று நான் கட்டியிருந்த பட்டு வேட்டியில் இருந்த ஒட்டுத் தையலை மணமேடையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துச் சிரித்தவள் நீ. அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு முன்னால் ஒரு விஷயத்தை வாயால் சொல்லி முடிக்க இப்போது எனக்குத் தெம்பு இல்லை. கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ வாயைத் திறக்க முடியாது. அதனால்தான் எட்டாம் வகுப்பு வரை படித்த படிப்பை எல்லாம் திரட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். (எட்டாம் வகுப்பில் மட்டும் மூன்று வருஷம் இருந்தேன். அப்படிப் பார்த்தால் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் என்றே வைத்துக்கொள்ளலாம்.)

விஷயம் துப்பாக்கி. பதறாதே. துப்பாக்கி பத்திரமாக இருக்கிறது. இப்போது முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. அந்த ‘முன்னைவிட’ என்கிற வார்த்தைக்குத்தான் இவ்வளவு பேப்பர்.

அண்ணன் அய்யாக்குட்டி காலமான பிறகு லைசென்சை என் பேருக்கு மாற்றுவதற்கு, வாரிசு நீதான் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஆபீஸ் வாசலில் பேனாவின் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. “சித்தப்பா, அப்பா வச்சிருந்தது எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். நான் கொடைக்குக் கொடை வந்து பார்ப்பேன். மாத்தம் ஏதாவது தெரிஞ்சுது, எழுதிக் கொடுத்துட்டு சர்க்கார்கிட்ட ஒப்படைச்சிருவேன்” என்றாய். நான் மாடன் மேல் சத்தியம் பண்ணினேன். மாடனுக்குக் கொடைத் திருவிழா இதோ வெள்ளிக்கு அடுத்த வெள்ளி. அண்ணன் இல்லாமல் துப்பாக்கி சாமி முன்னால் சந்தனம் பூசிக்கொண்டு உட்காரப்போகிற முதல் கொடை. முன்னே மாதிரி வானத்தைப் பார்த்து வெடிக்க இப்போது சட்டம் விடாது என்றாலும், வைக்கிற மரியாதை மரியாதைதான். அந்த மரியாதைக்குக் கேடு வந்துவிட்டால் நான் ஏரல் பக்கம் தலைகாட்ட முடியாது. உன் முகத்தில் முழிக்கவும் முடியாது.

நம் துப்பாக்கி சாமானியப்பட்டது இல்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். என் தகப்பனார், அதாவது உன் தாத்தா, ஆற்றில் குளிக்க இறங்கிய வெள்ளைக்காரத் துரையை முதலை வாயிலிருந்து இழுத்துப் போட்டதற்காக அந்தத் துரை தன் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த துப்பாக்கி. இவ்வளவு நீளத் துப்பாக்கியை இடுப்பில் எப்படிச் செருகியிருந்தான் என்று நீ சின்னப்பிள்ளையிலேயே கேட்டாய். துரை அவ்வளவு உயரம். அவன் பேர் பர்மிங்ஹாம். இரும்பிலேயே வெட்டியிருக்கிறது. அது ஊர்ப்பேர் என்று நீ சொன்னாய். ஊர்ப்பேரை வைத்துக்கொண்ட துரை இருக்கக் கூடாதா? நம்மில் பழனி என்று பேர் இல்லையா? போகட்டும். அய்யாவுக்குப் பிறகு அது அண்ணன் கைக்கு வந்து ஏரல் வாழைத்தோட்டத்துக்குக் காவலாக இருந்தது. காட்டுப்பன்றி இறங்கினால் அண்ணன் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு வெடி போடுவார். பன்றிகள் ஆற்றைத் தாண்டி ஆழ்வார்திருநகரி வரைக்கும் ஓடிப்போய் அங்கே பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் மூச்சு விடும். ரெட்டைக்குழல் இருந்தும் வலது குழலில் மட்டும்தான் தோட்டா போடுவார். இடது குழலைத் தொடமாட்டார். ஏன் அண்ணே என்று கேட்டால், “ஒண்ணு போதும்ல” என்பார். ஒரு வெடியிலேயே காரியத்தை முடிக்கிற வீரனுக்கு இன்னொன்று எதற்கு என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன்.

அவர் அதில் ஒரு மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருப்பாரே, ஞாபகம் இருக்கிறதா. குழல் நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, இரண்டு குழலையும் சேர்த்து. மாடனுக்கு நேர்ந்தது, எவனும் அவிழ்க்கக் கூடாது என்பார். கொடைக்குக் கொடை அவரே தனியாக உட்கார்ந்து பழசை அவிழ்த்துப் புதுசு கட்டுவார். என்னைக்கூடப் பக்கத்தில் விடமாட்டார். நீ மட்டும் கூட இருப்பாய்.

இனி நடந்ததுக்கு வாரேன். எழுத்துத் தமிழில் இதற்கு மேல் இழுக்க முடியாது மகளே, கை வலிக்குது. பேசுற மாதிரியே எழுதிருதேன்.

லைசென்ஸ் என் பேருக்கு வந்து முழுசா ரெண்டு மாசம்கூட துப்பாக்கி நம்ம வீட்டுல தங்கலை. தேர்தல் வருதுன்னு எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும்னுட்டான். ஒப்படைச்சேன். ரிசல்ட் எல்லாம் வந்து, சீட்டைக் காட்டித் திருப்பி வாங்கப் போனா, “நாளைக்கு வாங்க”ன்னு ஆறு நாள் நடந்தேன். ஏழாவது நாள் கிடைச்சுது. பழைய வேட்டியில சுத்தி ஸ்கூட்டர்ல முன்னால சாத்தி வச்சுக்கிட்டு ஹார்பர் ரோட்டுல வாரேன். எதுக்க ஒரு டிரெய்லர் லாரி. கன்டெய்னர் ஏத்துனது. இருபத்திரண்டு சக்கரம். அவன் பிரேக் பிடிக்காம நேரா என் மேல வாரான். வேற ஒருத்தனா இருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். முப்பத்திரண்டு வருஷம் துறைமுகத்துல கிரேன் வேலை பார்த்தவன் நான், எதுக்க இருவது டன் ஆடிக்கிட்டு வந்தாலும் கண்ணை இமைக்கமாட்டேன். வண்டியை ஒரு ஒடி ஒடிச்சேன் பாரு, லாரிக்காரன் தலையில கை வச்சுட்டான். நான் தப்பிச்சேன், ஸ்கூட்டர் தப்பிச்சுது. துப்பாக்கி மட்டும் நழுவி ரோட்டுல ‘ணங்’குன்னு விழுந்துது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள்ள விழுந்த மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு வேட்டியை விலக்கிப் பார்த்தேன். கட்டையில ஒண்ணுமில்லை. இரும்புல ஒண்ணுமில்லை. மாடா உனக்கு ஒரு தேங்கான்னு சொல்லி முடிக்கல, மஞ்சத்துணியில ஸ்டேஷன் எலி மோண்டு வச்ச நாத்தம் குப்புன்னு அடிச்சுது. கொடைக்கு எப்படியும் புதுத்துணி கட்டணும், இனிமே கட்டவேண்டியவன் நான்தானே, இன்னைக்கே அவிழ்த்துருவோம்னு அவிழ்த்தேன். அவிழ்த்தா, இடது குழல்ல ஒரு ஒடுக்கு. பெருசு இல்லை. அரைப் புளியங்கொட்டை அளவு. வச்சுப் பார்த்தேன், என் கட்டைவிரல் உக்காரலை. உன் சித்தி சுண்டுவிரல் உக்காந்துது. அவ்வளவுதான். ஆனா உன் கண்ணுக்கு அது கிணறு மாதிரில்லா தெரியும்!

உன் சித்தி எட்டிப் பார்த்துட்டு, “சந்தைக்குப் போயிட்டு வந்த தூக்குவாளி மாதிரில்லா இருக்கு. எப்படி ஆச்சு?”ன்னா.

நான் லாரியைச் சொன்னேன். இருபத்தாறு சக்கரம்னு சொன்னேன்.

“வாசல்ல நுழையும்போது இருபத்திரண்டுன்னுல்லா சொன்னிய. நாலு சக்கரம் நடைவாசல்ல வச்சு மாட்டுனியளோ?”

“ஏளா, உசிரு போகவேண்டிய இடத்துல இருந்து வந்திருக்கேன். நீ சக்கரத்தை எண்ணுதியா?”

“உசிரு போகவேண்டிய இடத்துல இருந்து வந்தவரு வாயில எப்படி உளுந்தவடை வாசம் வருது?”

இப்படிப்பட்ட பொம்பளையோட முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்துதேன் மகளே. என் பொறுமைக்கு சர்க்கார் ஒரு லைசென்ஸ் தரணும்.

மறுநாள் விடியவும் துப்பாக்கியை உன் சித்தியோட பழைய சேலையில சுத்திக்கிட்டு ஏரலுக்குப் போனேன். பாத்திரக்கடைத் தெருவுல ஒடுக்கு எடுக்கிற பேச்சிமுத்து இருக்கான்லா, நம்ம வீட்டுக் குடம், அண்டா எல்லாம் அவன்தான் தட்டிக் குடுப்பான். ஒடுக்குன்னா ஒடுக்குதானே, குடத்துல விழுந்தா என்ன குழல்ல விழுந்தா என்னன்னு என் யோசனை. பஸ்ல ஏறுனா கண்டக்டர், “அண்ணாச்சி, சேலைக்குள்ள என்ன நீளமா?”ன்னு கேட்டான். லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டியிருக்கலாம். காட்டுனா பஸ் பூரா எந்திரிச்சுக்கும். “திரைச்சீலைக் கம்பி”ன்னேன். “ரெட்டைக் கம்பியா?”ன்னான். “ரெண்டு ஜன்னல்”னேன். என் புத்தி அந்த நேரத்துல எப்படி வேலை செஞ்சுது பாரு. அதோட விட்டானா, ஜன்னல் எத்தனை அடி, துணி எந்தக் கடையில எடுத்தியன்னு ஏரல் வரைக்கும் விசாரிச்சுக்கிட்டே வந்தான். அவன் வீட்டுக்கும் திரைச்சீலை போடணுமாம். இறங்குறதுக்குள்ள நான் இல்லாத ஜன்னலுக்கு அளவு சொல்லி ஓஞ்சு போயிட்டேன்.

பேச்சிமுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சேலை விலகுன இடத்துல தெரிஞ்ச குழலை மட்டும் தடவிப் பார்த்தான். “நல்ல இரும்பு அண்ணாச்சி. குத்துவிளக்குத் தண்டா? உள்ள கம்பியை விட்டு வெளிய ரெண்டு போடு போட்டா சரியாயிரும்”னான். எனக்கு உசிரு வந்துது. போடுன்னேன். அவன் சுத்தியலை எடுத்துக்கிட்டு, பிடிக்க வசதியா இருக்கட்டும்னு சேலையை முழுசா உருவுனான். பார்த்தான். சுத்தியலைப் பைய கீழ வச்சான். கண்ணாடியைக் கழத்துனான். என்னைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு.”

“அதுக்கென்னலே?”

“ரெண்டுக்கும் கல்யாணம் ஆகலை அண்ணாச்சி”ன்னு சொல்லிட்டு கடையைப் பாதி சாத்திட்டான். காலையில ஒம்பதரை மணிக்கு! நான் தெருவுல சேலையைச் சுத்திக்கிட்டு நிக்கேன். துப்பாக்கிக்குச் சுத்துறேனா எனக்குச் சுத்துறேனான்னு தெரியாத மாதிரி ரெண்டு பொம்பளையள் சிரிச்சுக்கிட்டே போறாளுவ.

அங்கன இருந்து திரும்பி வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன். மூணாவது நாள் கிளாட்வின் லேத் பட்டறைக்குப் போனேன். மீன்பிடிப் படகு எஞ்சின், காத்தாடித் தண்டு எல்லாம் அவன்தான் கடைஞ்சு குடுக்கான். கடல்ல போற இரும்பையே நிமித்துதவனுக்குக் கரையில இருக்கிற இரும்பு என்ன பெரிய சங்கதி? ஆனா அவன் தொடவே இல்லை. கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தான், கோயில்ல மாதா சொரூபத்தைப் பார்க்கிற மாதிரி.

“மாமா, இது தண்டு இல்ல, குழாய். தகடு முட்டை ஓடு மாதிரி மெலிசு. உள்ள விடுற கட்டை நூல் அளவு கூடப் போச்சுன்னா தகடு இழுத்துக்கும். பெறகு சுடும்போது விரிஞ்சு, பிடிச்சிருக்கிறவன் கை போயிரும். இதுக்குன்னு லைசென்ஸ் உள்ளவங்ககிட்டதான் குடுக்கணும். நான் தொட்டேன்னு தெரிஞ்சா பட்டறைக்குப் பூட்டு. எப்படி விழுந்துது?”

நான் சொன்னேன். முப்பத்தாறு சக்கரம்.

“முப்பத்தாறு சக்கர லாரி நம்ம ஹார்பர்ல எங்க மாமா இருக்கு?”

“அன்னைக்குத்தான் புதுசா வந்துது”ன்னேன். பொய் சொல்லணும்னு இல்லை மகளே. வாய் ஒரு பக்கமாப் போவுது, நான் பின்னாலயே போறேன். இந்த வயசுல ஓடிப்போய்ப் பிடிச்சு நிறுத்த முடியலை.

கிளாட்வின்தான் பாளையங்கோட்டையில கிருபைன்னு ஒரு அம்மா இருக்கிறதாச் சொல்லி விலாசம் குடுத்தான். அவங்க அப்பா காலத்துல இருந்து துப்பாக்கி ரிப்பேருக்கு முறையா லைசென்ஸ் உள்ள கடை. பேங்க் வாசல்ல துப்பாக்கியோட உக்காந்திருக்கிற காவல்காரங்க எல்லாம் அவங்ககிட்டதான் வரிசையில நிக்காங்க. நான் போன அன்னைக்கு எனக்கு முன்னால ஒம்பது பேர். ஒம்பது பேர் மடியிலயும் துப்பாக்கி. ஒருத்தன் பல்வலின்னு கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டிருந்தான். டாக்டர் வீட்டுல நம்பர் வாங்கி உக்காந்த மாதிரியேதான். காலையில எட்டரைக்குப் போனவன், ரெண்டு மணிக்கு உள்ள போனேன். பசி ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம்.

அந்தக் கிருபையம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். வெள்ளைச் சேலை, கழுத்துல ஒரு சின்ன டார்ச் லைட்டு தொங்குது. முதல்ல லைசென்ஸ் புத்தகத்தை வாங்கி நம்பரை ஒத்துப் பார்த்தாங்க. பெறகு துப்பாக்கியைப் பிரிச்சுக் குழலைத் தனியா எடுத்து, ஒரு பக்கம் லைட்டைப் பிடிச்சு மறுபக்கம் ஒத்தைக் கண்ணால பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

“அண்ணாச்சி, இது எப்ப விழுந்துதுன்னு சொன்னீங்க?”

“வைகாசியில. லாரி. நாப்பத்தி நாலு சக்கரம்.”

“சக்கரம் கிடக்கட்டும். இது பழைய ஒடுக்கு மாதிரில்லா இருக்கு. ஒடுக்கோட ஓரம் எல்லாம் தடவித் தடவி வழுவழுன்னு தேஞ்சிருக்கு. புதுசுன்னா விளிம்பு தெரியும். அந்த இடத்துல துணி கட்டியிருந்ததா சொல்லுதீங்க. துணி கிழிஞ்சுதா?”

“இல்லை.”

“துணியில ஒரு கீறல் இல்லாம உள்ள இரும்பு மட்டும் எப்படி ஒடுங்கும்?”

மகளே, அந்த இடத்துல ஒரு நிமிசம் நான் யோசிச்சிருக்கணும். எனக்கே உள்ள எங்கயோ ஒரு மாதிரி இடிச்சுது. ஆனா எனக்குப் பெறகு வந்த காவல்காரன் எல்லாம் பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கான். நாப்பத்தி நாலு சக்கர லாரியை வாயால கொண்டுவந்து அங்கன நிறுத்தியாச்சு. இனிமே அது வரவே இல்லைன்னு எப்படிச் சொல்ல? “அம்மா, கண்ணால பார்த்தவன் நான். நான் பார்த்த அடி எனக்குத் தெரியாதா? அது மாடனுக்கு நேர்ந்த துணி, கிழியாது”ன்னு அடிச்சுச் சொன்னேன். ஒரு காவல்காரன் கன்னத்துல போட்டுக்கிட்டான்.

அவங்க கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டு இன்னொண்ணு கேட்டாங்க. “இடது குழல்ல உள்ள சுட்ட கரியே இல்லை. இதுல வெடி போட்டதே கிடையாதா?”

“எங்க அண்ணன் ஒத்தை வெடியில காரியத்தை முடிக்கிறவர்”னேன்.

“சரி. எடுத்துரலாம். ஆனா ஒண்ணு சொல்லுதேன். எடுத்தது எடுத்ததுதான். பெறகு அது இருந்த இடமே தெரியாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

“தெரியவே கூடாது. என் அண்ணன் மகள் கண்ணுக்கே தெரியக் கூடாது. அதுக்குத்தான் இம்புட்டு தூரம் வந்திருக்கேன்”னேன்.

அவங்க ஒரு பித்தளைக் கட்டையை எடுத்தாங்க. பதினஞ்சு கட்டை அளவு அளவா வச்சிருக்காங்க, அதுல தேடித் தேடி ஒண்ணு. எண்ணெய் தடவி உள்ள விட்டு, ஒடுக்குக்குக் கீழ கொண்டுவந்து நிறுத்தி, வெளிய ஒரு சின்ன சுத்தியலால தட்டுனாங்க. தட்டுனதுன்னா பேச்சிமுத்து போடுற போடு இல்லை. பச்சப்பிள்ளையத் தட்டித் தூங்கவைக்கிற தட்டு. கட்டையை எடுப்பாங்க, நூல் அளவு பெருசு ஒண்ணை விடுவாங்க, மறுபடி தட்டுவாங்க. ரெண்டு மணி நேரம். காவல்காரன் எல்லாம் எந்திரிச்சு வந்து சுத்தி நின்னுட்டான். எனக்கு அந்தத் தட்டு கேட்கக் கேட்க கண்ணு சொக்கிப் போச்சு. அண்ணன் வாழைத்தோட்டத்துல துப்பாக்கியை மடியில வச்சுக்கிட்டு அந்த மஞ்சத்துணியை இப்படித்தான் விரலால தட்டிக்கிட்டே உக்காந்திருப்பார். எதுக்குன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசியில குழலை என் கையில குடுத்து உள்ள பார்க்கச் சொன்னாங்க. பார்த்தேன். பௌர்ணமி நிலாவுக்குள்ள நிலாவா வட்டம் வட்டமாப் போவுது. ஒரு நெளிவு கிடையாது. வெளிய தடவிப் பார்த்தேன். எங்க இருந்துதுன்னு எனக்கே தெரியலை. கிருபையம்மா, “லிங்கராஜ் அண்ணாச்சி, இவ்வளவு திடமா நின்னு வேலை வாங்குன ஆளை நான் பார்த்ததில்லை”ன்னு சொன்னாங்க. சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. சொல்லலைன்னாலும் நினைச்சிருப்பாங்க.

ஆக மகளே, இவ்வளவுதான் நடந்தது. பதினஞ்சு நாள் அலைச்சல், மூணு ஊர், ஏழு பஸ். ரெண்டு முழங்காலும் அடுப்புல வச்ச மாதிரி காந்துது. உடம்பு அசந்துபோச்சு. மனசும் அசந்துபோச்சு. சுவத்துல அண்ணன் படம் இருக்கு, அதைப் பார்க்கிறப்ப எல்லாம் ஏலே லிங்கான்னு கூப்பிட்டு என்னமோ கேட்க வார மாதிரியே இருக்கு. மறைச்சிருக்கலாம். ஒடுக்கு போனது போனதுதான், நீ கண்டுபிடிக்கப்போறது இல்லை. ஆனா சத்தியம் பண்ணுனவன் நான். விழுந்ததையும் சொல்லிட்டேன், சரி பண்ணுனதையும் சொல்லிட்டேன். அப்பா வச்சிருந்தது எப்படி இருந்துதோ அப்படியே இருக்குன்னு மாடன் முன்னால நிமிந்து நின்னு சொல்லுவேன். கோவத்துல சர்க்கார்கிட்ட ஒப்படைச்சிராத. அண்ணன் சாமான்னு எங்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான்.

கொடைக்கு வியாழக்கிழமையே வந்துவிடவும். மாப்பிள்ளைக்கு என் அன்பான விசாரிப்பு. சம்பந்தி வீட்டார் அனைவருக்கும் வணக்கம். நீ தீர்க்காயுசாக, கண் பார்வை மட்டும் கொஞ்சம் மங்கலாக, சகல சௌபாக்கியத்தோடும் இருக்க ஆசீர்வதிக்கும்,

உன் சித்தப்பா,
வே. லிங்கராஜ்
(ஓய்வுபெற்ற கிரேன் நிபுணர்)

பின்குறிப்பு: கவரை ஒட்டி, கூரியர் ஆபீசுக்குச் செருப்பை மாட்டும்போது உன் போன் வந்தது. ஒட்டுனதைக் கிழிச்சு எழுதுறேன். நீ சொன்னதையே உனக்கு எழுதுறேன், நான் சரியாத்தான் கேட்டேனான்னு பார்த்துக்கோ. “சித்தப்பா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், அந்த மஞ்சத்துணியை நீங்க அவிழ்க்காதீங்க, நான் வந்து அவிழ்க்கேன்”னே. ஏன்னு கேட்டேன். அஞ்சு வயசுல தோட்டத்துல அப்பா குடுத்த கருப்பட்டி உடையலைன்னு, கட்டில்ல கிடந்த துப்பாக்கி மேல அதை வச்சு, அம்மிக் குழவியால ஒரே போடு போட்டேன்னே. கருப்பட்டியும் உடைஞ்சுது, குழலும் ஒடுங்குச்சுன்னே. தாத்தா பார்த்தா தோலை உரிச்சிருவார்னு அப்பா அன்னைக்கே துணியைச் சுத்தி, மாடனுக்கு நேர்ந்ததுன்னு சொல்லிட்டார்னே. ஒடுங்குன குழல் வெடிச்சிரும்னுதான் அந்தப் பக்கம் தோட்டாவே போடலைன்னே. கொடைக்குக் கொடை ரெண்டு பேரும் தனியா உக்காந்து துணியை அவிழ்த்து, “உன் விரலு இன்னும் பொருந்துதான்னு பார்ப்போம்”னு அப்பா உன் கட்டைவிரலை எடுத்து அந்த ஒடுக்குல வைப்பார்னே. இந்தக் கொடைக்கு அப்பா இல்லை, விரலையாவது வச்சுட்டு வரணும் சித்தப்பான்னே.

நான் உம் உம்னு கேட்டுக்கிட்டேன். ஏன் சத்தத்தையே காணோம்னு கேட்டே. சிக்னல் இல்லைன்னேன். சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு.

இருபத்தாறு வருஷம் மகளே. கூடப் பிறந்தவன் எங்கிட்டகூட அண்ணன் சொல்லலை. சொல்லியிருந்தா நான் ஊர் பூராவும் சொல்லியிருப்பேன்னு அவருக்குத் தெரியும். கருப்பட்டியைப் பாறாங்கல்லுன்னும், குழவியை இடின்னும் சொல்லியிருப்பேன்.

லாரியும் இல்லை மகளே. இருந்துச்சு, ஓரமா நின்னுக்கிட்டு இருந்துச்சு, டிரைவர் தூங்கிக்கிட்டு இருந்தான். சக்கரத்தை நான் எண்ணலை. வடைக்கடையில வண்டியைச் சாச்சு நிறுத்திட்டு ரெண்டு வடை தின்னுக்கிட்டிருந்தப்ப துப்பாக்கி பைய சரிஞ்சு மணல்ல விழுந்துது. ‘ணங்’குன்னு எல்லாம் சத்தம் வரலை. கிரேன் நிபுணர்னு போட்டதையும் அடிச்சுக்கோ. கிரேனுக்குக் கீழ நின்னு கொடி காட்டுனவன்தான் நான்.

கிருபையம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்த ஒடுக்கைத் திரும்ப வைக்க முடியுமான்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. நான் நடந்ததைச் சொன்னேன், ஒரு சக்கரம்கூட இல்லாம. “அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா நான் சுத்தியலை எடுத்திருக்கமாட்டேன் அண்ணாச்சி. எனக்கு அளவு தெரியாது. வச்ச கைதான் வைக்கணும். ஆனா பெறகும் அந்தக் குழல்ல தோட்டா மட்டும் போட்டுராதீங்க”ன்னாங்க.

உன் சித்தி இப்பதான் ஏரல் சந்தையில இருந்து வந்தா. கருப்பட்டி நல்ல கெட்டியாப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தேன். குழவியைக் கழுவிக் கட்டில்பக்கத்துல வச்சிருக்கேன். நீ வா.